லுவாவுக்குள் ஒரு மதிப்பு எப்படி இருக்கிறது, ஸ்கோப் எங்கே போகிறது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெங்களூரில் எங்கள் கூட்டம் சின்னது. எலக்ட்ரானிக் சிட்டி, வைட்ஃபீல்டு பக்கம் ஃபர்ம்வேர், ரூட்டர், கேம், சர்வர் என்று ஏதாவது ஒன்றில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள். ஓசூரிலிருந்து தினமும் அத்திப்பள்ளி நெரிசலைத் தாண்டி வருகிறவர்களும் உண்டு. எல்லோருடைய வேலையிலும் ஒரு மூலையில் லுவா என்ற ஸ்கிரிப்ட் மொழி இருப்பதால், ஆள் மாறினாலும் சந்தேகம் மாறுவதில்லை. கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். வேறு மாதிரி சொல்லாத இடத்திலெல்லாம் லுவா 5.4, 64 பிட் மெஷின் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

"அண்ணா, லுவா ஒரு லாங்குவேஜ்தானே, ஏன் இஞ்சின்னு சொல்றீங்க?"

லாங்குவேஜ்தான். ஆனால் நம் வேலையில் அது பெரும்பாலும் தனியாக ஓடுவதில்லை. சி-யில் எழுதப்பட்ட ஒரு லைப்ரரியாக வந்து இன்னொரு ப்ரோக்ராமுக்குள் உட்கார்ந்துகொள்கிறது. ரெடிஸ் டேட்டாபேஸுக்குள்ளும், நெட்வொர்க் போக்குவரத்தைப் பார்க்கும் வயர்ஷார்க்குக்குள்ளும் அது இருப்பது அப்படித்தான். அப்படி உள்ளே உட்கார்ந்து ஸ்கிரிப்ட்டை ஓட்டுவதால்தான் இஞ்சின் என்கிறேன். 1993இல் ரியோ டி ஜெனீரோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் ரொபெர்த்தோ இயெருசலிம்ஸ்கி, லூயிஸ் என்ரிக்கே டி ஃபிகெய்ரெடோ, வால்டெமார் செலஸ் ஆகிய மூவரும் உருவாக்கிய மொழி இது. இந்த இஞ்சினுக்குள் ஒரு மதிப்பு எப்படி இருக்கிறது, ஒரு வேரியபிளின் பேர் கோடில் எங்கிருந்து எதுவரை செல்லும் (ஸ்கோப் என்பது இதுதான்), வெளியே இருக்கும் சி ப்ரோக்ராமுக்கு மதிப்புகள் எப்படிப் போய்வரும் என்பதுதான் இந்தப் பக்கம் முழுக்க நாம் பார்க்கப்போவது.

"ஒரு வேரியபிள்ல 10னு வச்சா மெமரில நிஜமா என்ன இருக்கும்?"

இரண்டு துண்டு இருக்கும். முதலாவது 8 பைட் இடம். அதில் முழு எண், தசம எண், பாயிண்டர், சி ஃபங்ஷனின் முகவரி ஆகியவற்றில் ஏதாவது ஒன்று உட்காரும். சி படித்தவர்களுக்குத் தெரிந்த யூனியன்தான் இது. இரண்டாவது 1 பைட் டேக். அந்த 8 பைட்டை எப்படிப் படிக்க வேண்டும் என்று இது சொல்லும். இரண்டும் சேர்ந்த ஸ்ட்ரக்சருக்கு லுவா சோர்ஸில் டீவேல்யூ என்று பெயர். ஃபங்ஷன்கள் ஓடும்போது மதிப்புகளை அடுக்கிவைக்கும் இடம்தான் ஸ்டாக், அதில் ஒவ்வொரு கட்டமும் இந்த வடிவம்தான். நில் (மதிப்பே இல்லை என்பதன் அடையாளம்), ட்ரூ, ஃபால்ஸ் மூன்றுக்கும் டேக் மட்டுமே போதும், 8 பைட் சும்மா கிடக்கும்.

வகை என்பது மதிப்போடு ஒட்டிக்கொண்டு போகிறது, வேரியபிளுக்கு வகையே கிடையாது. அதனால்தான் நேற்று எண் வைத்த இடத்தில் இன்று டேபிள் (கீ, மதிப்பு ஜோடிகளின் தொகுப்பு) வைத்தாலும் லுவா வாயைத் திறப்பதில்லை. கீழே வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை இதற்குள்ளேயே இருக்கிறது.

"8ம் 1ம் சேர்ந்தா 9. நீங்க எப்பவும் 16ன்னே சொல்றீங்களே?"

அலைன்மெண்ட். 8 பைட் எண்ணை 8ஆல் வகுபடும் முகவரியில் வைக்க கம்பைலர் விரும்பும். எனவே 9 பைட்டுக்குப் பின்னால் 7 பைட் காலியாகப் போய் 16 ஆகிறது. 10 லட்சம் முழு எண்களை ஒரு டேபிளில் அடுக்கினால் சுமார் 16 எம்.பி. போகும், அதில் 7 எம்.பி. வெறும் காற்று. சர்வரில் யாரும் கவலைப்பட மாட்டார்கள். சின்ன போர்டில் இதுவே உயிர்ப்பிரச்சினை.

"அந்த ஒரு பைட் டேக்ல என்னதான் எழுதியிருக்கும்?"

கீழ் 4 பிட்டில் அடிப்படை வகை: எண், ஸ்ட்ரிங், டேபிள், ஃபங்ஷன் இப்படி. அடுத்த 2 பிட்டில் உள்வகை. அதற்கு மேல் 1 பிட், "இது கார்பேஜ் கலெக்டர் கவனிக்க வேண்டிய சரக்கு" என்ற அடையாளம். யாரும் பயன்படுத்தாத மெமரியைத் திரும்ப எடுக்கும் இஞ்சின் பகுதிதான் அந்தக் கலெக்டர். எண்ணுக்கு வகை 3. முழு எண் என்றால் டேக் 3, தசம எண் என்றால் 3 கூட்டல் 16, அதாவது 19. ஸ்ட்ரிங்குக்கு வகை 4. குட்டி ஸ்ட்ரிங் கலெக்டரின் கைக்கு வரும் சரக்கு என்பதால் 64ஐக் கூட்டி 68. டீபக்கரில் இந்த எண்களை நேரடியாகப் பார்க்கும்போது மிரள வேண்டாம்.

5.4இல் ட்ரூவும் ஃபால்ஸும்கூட இப்படிப் பிரிந்துவிட்டன: ஃபால்ஸுக்கு 1, ட்ரூவுக்கு 17. ஒரு நிபந்தனை பொய்யா என்று பார்க்க டேக்கை மட்டும் பார்த்தால் போதும், 8 பைட்டைத் தொடவே வேண்டாம்.

"ப்ரோ, 0 வந்தா இஃப் உள்ள போகுது. ஜேசன் நல் வந்தாலும் உள்ள போகுது. என்னய்யா இது?"

லுவாவில் பொய் என்பது இரண்டே இரண்டு: நில், ஃபால்ஸ். மேலே சொன்ன டேக் சோதனை அவற்றை மட்டும்தான் பிடிக்கும். 0, காலி ஸ்ட்ரிங், காலி டேபிள் எல்லாமே மெய். சி-யிலிருந்து வருகிறவர்கள் முதல் வாரம் இதில் அடிபடாமல் தப்புவதில்லை.

ஜேசன் என்ற டேட்டா வடிவத்தில் "மதிப்பு இல்லை" என்பதைச் சொல்லும் நல்லின் கதை வேறு. டேபிளுக்குள் நில்லை வைக்க முடியாது (கீழே வருகிறது). அதனால் ஜேசனைப் படிக்கும் சிஜேசன் லைப்ரரி, பூஜ்ய முகவரி கொண்ட லைட் யூசர்டேட்டா (ஒரு சி முகவரியை மட்டும் சுமக்கும் மதிப்பு) ஒன்றை நல் என்ற இடத்தில் வைக்கிறது. லைட் யூசர்டேட்டாவின் டேக் நில்லும் அல்ல, ஃபால்ஸும் அல்ல. ஆகவே மெய். அந்த லைப்ரரி தரும் நல்லோடு நேராக ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வழி. ரெடிஸ் இதிலும் ஒரு திருப்பம் வைத்திருக்கிறது: இல்லாத கீயைக் கேட்டால் ஸ்கிரிப்ட்டுக்குக் கிடைப்பது ஃபால்ஸ். "நில்லா?" என்று மட்டும் பார்க்கும் கோடு அங்கே கோட்டைவிடும்.

"10ம் 10.0ம் ஒண்ணா, வேறயா?"

டேக் வேறு, ஒப்பிட்டால் சமம். 5.2 வரை எண் என்றால் டபுள், அதாவது 64 பிட் தசம எண் மட்டும்தான். அதனால் 9,007,199,254,740,992ஐ (2இன் 53ஆம் அடுக்கு) தாண்டிய முழு எண்களைத் துல்லியமாக வைக்க முடியாமல் இருந்தது. 2015இல் வந்த 5.3தான் 64 பிட் முழு எண்ணைத் தனி உள்வகையாகக் கொண்டுவந்தது.

அதிலிருந்து சில பழக்கங்களும் மாறின. ஒற்றைச் சாய்கோட்டு வகுத்தல் எப்போதும் தசம எண்ணையே தரும்: 10ஐ 2ஆல் வகுத்தால் 5.0. முழு எண் வேண்டுமென்றால் இரட்டைச் சாய்கோடு. மிகப்பெரிய முழு எண்ணோடு 1ஐக் கூட்டினால் பிழை எதுவும் வராது, சத்தமில்லாமல் மிகச்சிறிய எதிர்ம எண்ணுக்குச் சுற்றிப் போய்விடும். டேபிளின் கீயாக 1.0 கொடுத்தால் லுவா அதை 1 ஆக்கிவிட்டுத்தான் தேடும், அந்த இடத்தில் மட்டும் இரண்டும் ஒன்றே.

"எஸ்.பி. ரோட்ல வாங்கின போர்டுல 7ஐ 2ஆல வகுத்தா 3 வருது. லேப்டாப்ல 3.5. போர்டு டூப்ளிகேட்டா?"

போர்டு நல்ல போர்டுதான். லுவாவை ஓட்டும் நோட்எம்சியூ ஃபர்ம்வேரை, போர்டில் இருக்கும் ஈ.எஸ்.பி. 8266 சிப்புக்கு இரண்டு விதமாக பில்ட் செய்யலாம். ஒன்றில் எண் என்றால் தசம எண், மற்றதில் எண் என்றால் முழு எண் மட்டும். உங்கள் போர்டில் இருப்பது இரண்டாவது. அடிப்படை லுவா 5.1 என்பதால் ஒரே உள்வகைதான். அந்த உள்வகையே முழு எண் என்று வைத்துவிட்டால் தசமத்துக்குப் போக இடமில்லை. தசம பில்ட் ஏற்றினால் சரியாகிவிடும், கொஞ்சம் மெமரி கூடுதலாகப் போகும்.

ரெடிஸிலும் 3.33ஐத் திருப்பி அனுப்பினால் 3 வருகிறது என்று இதோடு சேர்த்துக் கேட்பார்கள். காரணம் வேறு. அங்கே உள்ளே டபுள்தான், ஸ்கிரிப்ட்டுக்குள் 3.33 ஒழுங்காகவே இருக்கிறது. வெளியே பதிலாகப் போகும்போது முழு எண்ணாக வெட்டப்படுகிறது. ஸ்ட்ரிங்காக மாற்றி அனுப்புங்கள்.

"ஸ்ட்ரிங் ப்ரிமிட்டிவா இல்லையா? ஒவ்வொருத்தர் ஒவ்வொண்ணு சொல்றாங்க."

எழுதுகிறவர் கண்ணுக்கு எண்ணைப் போல ப்ரிமிட்டிவ், அதாவது அடிப்படை மதிப்பு மாதிரி: மாற்ற முடியாது, மதிப்பை வைத்து ஒப்பிடலாம். இஞ்சினுக்குள் அது ஹீப்பில் (ஸ்டாக்குக்கு வெளியே, வேண்டும்போது ஒதுக்கும் மெமரியில்) இருக்கும் பொருள், டீவேல்யூவில் பாயிண்டர் மட்டுமே இருக்கிறது. இரண்டு பேர் சொல்வதும் சரி.

இதற்கு நடுவில் ஒரு நல்ல வேலை செய்திருக்கிறார்கள். 40 பைட்டும் அதற்குக் குறைவும் உள்ள ஸ்ட்ரிங்குகள் எல்லாம் ஒரே பொதுப் பட்டியலில் ஒரு பிரதி மட்டும் வைக்கப்படும். அதே எழுத்துகளோடு இன்னொன்று உருவாக்கினாலும் பழைய பாயிண்டரே திரும்பி வரும். எனவே இரண்டு குட்டி ஸ்ட்ரிங் சமமா என்று பார்ப்பது இரண்டு முகவரியை ஒப்பிடுவதுதான், எழுத்து எழுத்தாகப் படிப்பதில்லை. நீளமானவற்றுக்கு இந்தச் சலுகை இல்லை, அவற்றின் ஹாஷைக்கூட (டேபிளில் தேட உதவும் சுருக்க எண்) தேவைப்படும்போதுதான் கணக்கிடும். 5.1இல் நீளம் பார்க்காமல் எல்லா ஸ்ட்ரிங்கையும் இப்படி வைத்தார்கள், பெரிய ஃபைல்களைப் படிக்கும்போது அது வீண்செலவு.

நமக்கு மட்டுமான ஒரு கணக்கு: லுவா பைட்டைத்தான் எண்ணும். யு.டி.எஃப்.-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். "அம்மா" என்பதற்கு அ, ம, புள்ளி, ம, கால் என 5 குறியீடு, ஆக நீளம் 15 என்று வரும். "பெங்களூரு" 27. குட்டி ஸ்ட்ரிங் வரம்புக்குள் 13 தமிழ்க் குறியீடுகள்தான் அடங்கும். அதைத் தாண்டிய தமிழ்ச் சொற்றொடர்களைக் கீயாக வைத்தால் தேடல் கொஞ்சம் மெதுவாகும். இதற்காகக் கீயை ஆங்கிலத்துக்கு மாற்றச் சொல்ல மாட்டேன், அளந்து பார்க்காமல் மாற்றாதீர்கள்.

"டேபிள்ல நில் போட்டா அந்த இடம் இருக்குமா, போயிடுமா?"

உங்கள் கணக்கில் போய்விடும். நில்லை வைப்பதும் கீயை நீக்குவதும் லுவாவுக்கு ஒன்றே. உள்ளே அந்தக் கட்டம் உடனே மறைவதில்லை, காலி என்ற டேக்கோடு கிடக்கும். 5.4இல் நில் என்ற வகைக்கே உள்வகைகள் உண்டு: நாம் பார்க்கும் நில், காலிக் கட்டம், "கீ கிடைக்கவில்லை" என்பதற்கான அடையாளம். பின்னிரண்டும் ஸ்கிரிப்ட்டுக்கு ஒருபோதும் வெளியே தெரியாது.

10, நில், 30 என்று ஒரு டேபிளை எழுதி நீளம் கேட்டால் 1 வந்தாலும் சரி, 3 வந்தாலும் சரி, இரண்டும் மேனுவலின்படி செல்லும். நடுவில் ஓட்டையுள்ள வரிசைக்கு நீளம் கேட்காதீர்கள். எண்ணிக்கையைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

"லுவாஜிட்ல 16 பைட் இல்ல, 8தான்னு சொல்றாங்க. டேக் எங்க போச்சு?"

லுவாஜிட் என்பது லுவாவை வேகமாக ஓட்டும் இன்னொரு இஞ்சின். அதில் டேக்கை எண்ணுக்குள்ளேயே ஒளித்துவைத்திருக்கிறார்கள். ஐ.இ.இ.இ. 754 டபுளில் அடுக்குக்கான 11 பிட்டும் 1 ஆக இருந்து, மீதி 52 பிட்டில் ஏதாவது ஒன்று பூஜ்யமில்லாமல் இருந்தால் அது "எண் அல்ல", அதாவது நேன். அப்படிப்பட்ட பிட் அமைப்புகள் கோடிக்கணக்கில் உண்டு, கணக்கு போடும்போது தேவைப்படுவது ஒன்றிரண்டு. மிச்சத்தில் டேக்கையும் பாயிண்டரையும் திணிப்பதற்குப் பெயர் நேன்-பாக்ஸிங். மைக் பால் எழுதிய லுவாஜிட் செய்வது இதுதான். மேலே சொன்ன 16 எம்.பி. டேபிள் இங்கே 8 எம்.பி.யில் முடியும்.

சும்மா கிடைப்பதில்லை. பாயிண்டர் 47 பிட்டுக்குள் அடங்க வேண்டும். அதைவிட நீண்ட முகவரி தரும் ஏ.ஆர்.எம். 64 மெஷின்களில் லைட் யூசர்டேட்டா தகராறு செய்ததுண்டு. 64 பிட் முழு எண்ணுக்கும் இதில் இடமில்லை, லுவாஜிட் அதை ஹீப்பில் தனிப் பொருளாகத்தான் வைக்கிறது. 5.3இன் முழு எண்ணும் நேன்-பாக்ஸிங்கும் ஒரே உறையில் இருக்க முடியாது. எனக்கு எது பிடிக்கும் என்றால், கணக்கு பிசகாத 16 பைட்.

"பைத்தான்லயும் இப்படித்தானா?"

இல்லை. வழக்கமாக நாம் ஓட்டும் பைத்தானான சிபைத்தானில் 1 என்ற எண்ணே ஹீப்பில் ஒரு பொருள், 64 பிட்டில் 28 பைட். வேரியபிளில் இருப்பது பாயிண்டர் மட்டும். −5 முதல் 256 வரை முன்கூட்டியே செய்து வைத்திருப்பதால் அங்கே கொஞ்சம் மிச்சம்.

"லோக்கல் வேரியபிளோட பேர் எங்க ஸ்டோர் ஆகுது?"

ஓடும் நேரத்தில் பேருக்கு வேலையே இல்லை. கம்பைலர் படிக்கும்போதே ஒவ்வொரு லோக்கலுக்கும் ஒரு ரெஜிஸ்டர் எண்ணைக் கொடுத்துவிடும். ரெஜிஸ்டர் என்றால் சி.பி.யு.வில் இருப்பது அல்ல, அந்த ஃபங்ஷனுக்கு ஒதுக்கிய ஸ்டாக் பகுதியில் இத்தனையாவது கட்டம் என்பதுதான். 2003இல் வந்த 5.0 முதல் இந்த முறை. பேர் டீபக் தகவலாக மட்டும் மிஞ்சும், பிழைச் செய்தியில் காட்டுவதற்கு. அதை நீக்கிவிட்டாலும் ப்ரோக்ராம் அப்படியே ஓடும்.

ப்ளாக் முடிந்ததும் அதன் ரெஜிஸ்டர்கள் அடுத்த லோக்கலுக்குப் போகும். பி.டி.எம். லேஅவுட் பி.ஜி.யில் ஒருவர் காலி செய்த கட்டிலில் அடுத்த நாளே இன்னொருவர் படுப்பது போல. பழைய ஆளின் சாமான் தெரியுமா என்றால் தெரியாது: மதிப்பு கொடுக்காமல் ஒரு லோக்கலை அறிவித்தால், அந்தக் கட்டத்தில் நில்லை எழுதும் இன்ஸ்ட்ரக்‌ஷனைக் கம்பைலரே போட்டுவிடுகிறது.

ஒரே பேரில் இரண்டு முறை லோக்கல் அறிவித்தால் பழையது அழிவதில்லை. புது ரெஜிஸ்டர் கிடைக்கும், பேர் மட்டும் புதியதைக் காட்டும். பழையது ப்ளாக் முடியும் வரை அங்கேயே இருக்கும்.

"டூ மெனி லோக்கல் வேரியபிள்ஸ்னு எரர் வருதுண்ணா."

ஒரு ஃபங்ஷனில் ஒரே நேரத்தில் உயிரோடு இருக்கும் லோக்கல்கள் 200க்கு மேல் போகக்கூடாது. ஏதாவது டூல் உருவாக்கிய கோடாகத்தான் இருக்கும். டூ, எண்ட் போட்டுப் பிரியுங்கள், அல்லது டேபிளில் வையுங்கள். 5.4இல் கான்ஸ்ட் என்று குறித்த லோக்கலின் மதிப்பு கம்பைல் நேரத்திலேயே தெரிந்த எண்ணோ ஸ்ட்ரிங்கோ என்றால் அதற்கு ரெஜிஸ்டரே ஒதுக்கப்படாது.

"அப்ப குளோபல்?"

குளோபல் என்று தனியாக ஒரு வகை 5.2 முதல் கிடையாது. முன்னால் அண்டர்ஸ்கோர் போட்ட ஈ.என்.வி. என்ற மறைவான வேரியபிளில் ஒரு டேபிள் இருக்கும். அறிவிக்காத பேர் எதைப் பார்த்தாலும் கம்பைலர் அதை "ஈ.என்.வி. டேபிளில் இந்த ஸ்ட்ரிங் கீ" என்று மாற்றிவிடும். அந்த டேபிளை மாற்றிக் கொடுத்தால் ஸ்கிரிப்ட்டுக்கு வேறு உலகம். ஸ்கிரிப்ட் கண்டதையும் தொடாமல் அடைத்துவைக்கும் சாண்ட்பாக்ஸ் கட்டுகிறவர்கள் செய்வது இதுதான்.

ஆக லோக்கல் என்பது கட்டத்தின் எண், குளோபல் என்பது ஹாஷ் தேடல். குட்டி ஸ்ட்ரிங் என்பதால் தேடலும் வேகம்தான். ஓயாமல் சுற்றும் சூடான லூப்புக்குள் மட்டும் லைப்ரரி ஃபங்ஷனை லோக்கலில் எடுத்துவைத்துக்கொள்ளுங்கள். ஃபைல் தொடக்கத்தில் முப்பது வரிக்கு இதையே எழுதிவைப்பது பார்க்கத்தான் அழகு.

"ஃபங்ஷன் முடிஞ்சா ஸ்டாக் போயிடும். உள்ள இருந்த ஃபங்ஷனுக்கு மட்டும் வேரியபிள் எப்படி உயிரோட இருக்கு?"

அப்வேல்யூ. உள்ளே இருக்கும் ஃபங்ஷன் வெளி லோக்கலைத் தொட்டால், இஞ்சின் ஹீப்பில் ஒரு சின்னப் பொருளை உருவாக்கும். அதில் ஒரு பாயிண்டர், ஒரு டீவேல்யூவுக்கான இடம். வெளி ஃபங்ஷன் ஓடிக்கொண்டிருக்கும் வரை பாயிண்டர் ஸ்டாக் கட்டத்தையே காட்டும், இதற்குத் திறந்த நிலை என்று பேர். ஸ்கோப் முடியும் கணத்தில் அந்தக் கட்டத்தின் மதிப்பு பொருளுக்குள் நகலாகி, பாயிண்டர் தன் சொந்த இடத்தைக் காட்டத் தொடங்கும். மூடிய நிலை. ஃபங்ஷன் எப்போதும் அந்தப் பாயிண்டர் வழியாகவே போவதால் இடம் மாறியதே அதற்குத் தெரியாது.

இரண்டு ஃபங்ஷன்கள் ஒரே லோக்கலைத் தொட்டால் இரண்டுக்கும் ஒரே பொருள். திறந்தவற்றை ஸ்டாக் வரிசையில் ஒரு பட்டியலாக வைத்திருப்பதால் இரண்டாவது ஃபங்ஷன் உருவாகும்போது முதலாவதின் பொருளையே தேடி எடுத்துக்கொள்ளும். ஒன்று மாற்றினால் மற்றது பார்க்கும், ஸ்கோப் முடிந்த பிறகும்கூட.

"ஃபார் லூப்ல குளோஷர் போட்டா 1, 2, 3 வருது. வொயில்ல 4, 4, 4. ஏன்?"

குளோஷர் என்பது மேலே பார்த்த, அப்வேல்யூக்களோடு சேர்ந்த ஃபங்ஷன்தான். ஃபார் லூப்பில் ஒவ்வொரு சுற்றுக்கும் புது லோக்கல். சுற்று முடியும்போதே அப்வேல்யூ மூடப்படுவதால் மூன்று தனிப் பொருள்கள். வொயில் லூப்பில் எண்ணும் வேரியபிள் லூப்புக்கு வெளியே அறிவிக்கப்பட்ட ஒன்றே ஒன்று, மேலே சொன்னபடி மூன்று குளோஷரும் அதைப் பங்கிடுகின்றன. லூப்புக்குள் ஒரு லோக்கலில் நகலெடுத்தால் முடிந்தது.

"ஸ்டாக் நிரம்பி ரீஅலாக் ஆனா, திறந்த அப்வேல்யூ எல்லாம் பழைய முகவரியைத்தானே காட்டும்?"

நல்ல கேள்வி. ஸ்டாக் சின்னதாகத் தொடங்கி, வேண்டும்போது வளரும், இயல்பான உச்சவரம்பு 10 லட்சம் கட்டம். வளரும்போது இடம் மாறலாம். மாறினால் இஞ்சின் மேலே சொன்ன பட்டியலில் ஒவ்வொரு திறந்த அப்வேல்யூவின் பாயிண்டரையும் புது இடத்துக்குத் திருத்தும், கால் ஃப்ரேம்களின் (ஓடிக்கொண்டிருக்கும் ஒவ்வொரு ஃபங்ஷன் அழைப்பின் குறிப்பு) பாயிண்டர்களையும் சேர்த்து. மூடியவற்றுக்கு எந்தத் திருத்தமும் தேவையில்லை. நடுவில் நிறுத்தி மறுபடி தொடரக்கூடிய ஓட்டமான ஒவ்வொரு கோரூட்டீனுக்கும் தனி ஸ்டாக், தனிப் பட்டியல்.

"லோக்கல் எஃப் சமம் ஃபங்ஷன்னு எழுதி உள்ளேயே எஃப்பைக் கூப்பிட்டா, நில்லைக் கூப்பிடறன்னு எரர். ஆனா மேலதானே அறிவிச்சிருக்கேன்?"

லோக்கலின் ஸ்கோப் அந்த அறிவிப்பு முழுக்க முடிந்த பிறகுதான் தொடங்குகிறது. வலப்பக்கத்தைக் கம்பைல் செய்யும்போது எஃப் என்ற லோக்கல் இன்னும் பிறக்கவில்லை. ஆகவே அது குளோபல், அதாவது ஈ.என்.வி. டேபிளில் தேடல், அங்கே நில். "லோக்கல் ஃபங்ஷன் எஃப்" என்று எழுதினால் முதலில் எஃப் அறிவிக்கப்பட்டுப் பிறகே மதிப்பு வைக்கப்படும். உள்ளே இருக்கும் எஃப் அப்போது அப்வேல்யூ.

"சி பக்கத்துல ஸ்ட்ரிங்கோட பாயிண்டரை வாங்கி ஸ்ட்ரக்ட்ல வச்சுக்கலாமா?"

கூடாது. லுவா தன் டீவேல்யூவை சி-க்குக் கையில் தருவதில்லை, ஸ்டாக் வழியாகத்தான் எல்லாம். ஸ்ட்ரிங்கின் பாயிண்டரைக் கேட்டால் தரும், ஆனால் அந்த மதிப்பு ஸ்டாக்கை விட்டு இறங்கியதும் கலெக்டர் எப்போது வேண்டுமானாலும் அதை எடுத்துப் போகலாம். நகலெடுங்கள், அல்லது ரெஜிஸ்ட்ரியில் (சி கோடுக்கென்று லுவா வைத்திருக்கும் டேபிள்) ஒரு ரெஃபரன்ஸ் போட்டு வையுங்கள். சோதனையில் பல நாள் ஒழுங்காக ஓடிவிட்டு கஸ்டமரிடம் போய் விழும் பிழை இது.

இதன் தம்பி ஒருவன் உண்டு. சி-யிலிருந்து டேபிளை நெக்ஸ்ட் (அடுத்த கீயைத் தரும் ஃபங்ஷன்) மூலம் சுற்றும்போது கீயை அச்சிட்டுப் பார்க்கலாமே என்று ஸ்ட்ரிங்காகக் கேட்பார்கள். கீ ஒரு எண்ணாக இருந்தால் அந்த ஏ.பி.ஐ. ஸ்டாக்கில் இருக்கும் டீவேல்யூவையே ஸ்ட்ரிங்காக மாற்றிவிடும், டேக் உட்பட. அடுத்த சுற்றில் நெக்ஸ்ட் அந்த ஸ்ட்ரிங்கை டேபிளில் தேடிக் குழம்பும். முதலில் கீயை ஸ்டாக்கில் இன்னொரு நகல் தள்ளிவிட்டு, அந்த நகலை மாற்றுங்கள்.